டிவி மேல் வைத்த குதிரைத் தலை

எனக்குத் திருச்சிக்குத் தெற்கே லைன். மோட்டார் பம்புக்கான வாஷர், புஷ், இம்பெல்லர், கெப்பாசிட்டர் இவற்றுக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு கீரனூர், புதுக்கோட்டை, திருமயம், பொன்னமராவதி, காரைக்குடி என்று வாரத்தில் நான்கு நாள் பைக்கில் சுற்றுகிறேன். முன்பாதி வாரம் ஆர்டர், பின்பாதி கலெக்‌ஷன். 11 வருடமாக இதே சாலைகள்தான். எந்த ஊர் டீக்கடையில் எத்தனை மணிக்கு வடை போடுவார்கள், எந்தக் கடைக்காரர் நான் வரும் நேரம் பார்த்துச் சாப்பிடப் போய்விடுவார் என்பதெல்லாம் அத்துப்படி. சாலையோரம் நிற்கிற சாமிகளைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊர் முடிகிற இடத்தில், கண்மாய்க்கரை ஓரமாக ஒரு மரக்கூட்டம் இருக்கும். உள்ளே அய்யனார். வெளியே வரிசை வரிசையாக மண் குதிரைகள். ராத்திரியில் அய்யனார் குதிரையேறி ஊரைச் சுற்றிக் காவல் வருகிறார், அதற்குத்தான் குதிரை. எனக்கு அந்த இடமெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நிழல், அவ்வளவே. டிபன் பாக்ஸைத் திறப்பேன், சாப்பிடுவேன், பத்து நிமிடம் கண்ணை மூடுவேன், கிளம்பிவிடுவேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். பொன்னமராவதி போகும் வழியில், உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன அய்யனார் கோயிலில் வண்டியை நிறுத்தினேன். கை கழுவப் பின்பக்கம் போனவன் நின்றுவிட்டேன். அங்கே ஒரு குவியல். குதிரைக் கால்கள், வால்கள், பாதி உடம்புகள், காளையின் கொம்பு, சின்னச் சின்னப் பிள்ளை உருவங்கள், தனியாக ஒரு கை. கருவேலம் முளைத்து அதற்குள்ளே புகுந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அழகான வேலையை இப்படியா போட்டு வைப்பார்கள்? வெளிநாட்டில் இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பான் என்று, எல்லாரும் சொல்லும் அதே வசனத்தை நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குவியலின் ஓரத்தில் ஒரு குதிரைத் தலை கிடந்தது. ஒரு சாண் உயரம் இருக்கும். ஒரு காது போயிருந்தது. கடிவாளத்தை மண் கயிறாகத் திரித்து ஒட்டி, அதன் மேல் குச்சி நுனியால் குத்திக் குத்திப் புள்ளி வைத்திருந்தார்கள். கண் ஒரு மண் உருண்டை. நடுவில் ஒரு அழுத்து. கையில் எடுத்துத் திருப்பினேன். கழுத்து உள்ளே கூடு. வெளிப்பக்கம் ஈரத்துணியால் வழித்ததுபோல வழவழவென்று இருந்தது. உள்பக்கத்தை யாரும் வழிக்கவில்லை. செய்தவரின் விரல் அமுக்கிய தடம் அப்படியே இருந்தது, நான்கு விரல், பக்கத்தில் கட்டைவிரல். என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தவில்லை, அவருக்கு என்னைவிடப் பெரிய கை.

அதைச் சாம்பிள் பெட்டியில் துணி சுற்றி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திருடுகிறோம் என்ற நினைப்பே இல்லை. காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

டிவிக்கு மேலிருந்த பலகையில் வைத்தேன். வந்தவர்களெல்லாம் நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். என் மனைவி மட்டும் முதல் நாளே, "கோயில் பொருள் மாதிரி இருக்கு, எனக்கென்னமோ சரியாப் படல" என்றாள். நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கண் ஆபரேஷனுக்காக அம்மா ஊரிலிருந்து வந்தார். கண்ணில் புரை இருந்தும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார்.

"அது என்னடா அது?"

சொன்னேன். அம்மா பையைக் கீழே வைக்கவே இல்லை.

"யாரு வீட்டுப் புள்ளைக்கு என்ன வந்துச்சோ, எவ அழுதுகிட்டு வேண்டிக்கிட்டாளோ. அதப் போயி தூக்கியாந்து டிவி மேல வச்சிருக்கியே!"

அன்று ராத்திரிதான் எனக்கு அந்த விஷயம் தெரியும். மூன்று வயதில் எனக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கிறது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியில் அய்யனார் கோயிலைத் தாண்டும்போது, பிள்ளை பிழைத்தால் மதலை செய்து வைக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாராம். எங்கள் பக்கம் மண்ணில் செய்யும் பிள்ளை உருவத்தை மதலை என்பார்கள். பிழைத்தேன். பானை செய்யும் வேளாரிடம் சொல்லிச் செய்து, அம்மாவே தலையில் சுமந்துபோய் வைத்திருக்கிறார்.

"எனக்குச் சொல்லவே இல்லையேம்மா."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? வச்சாச்சு."

அடுத்த வியாழக்கிழமை குதிரைத் தலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் குவியலில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்பது திட்டம். என் நேரம், அன்று கோயிலில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குதிரைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். அந்த ஊர்க் கோயிலுக்குக் குதிரை செய்து கொடுக்கும் வேளார். இந்தப் பக்கத்தில் மண்பாண்டம் செய்கிறவர்கள் வேளார். பல அய்யனார் கோயில்களில் பூசையும் அவர்களுடையதுதான். புதுக் குதிரைக்கு இடம் பார்க்க வந்திருந்தார்.

துணியைப் பிரித்துக் காட்டினேன். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். வாங்கி, ஒரு விரலை மடக்கி அதன் நெற்றியில் தட்டினார். ணங் என்றது.

"நல்லா வெந்திருக்கு. எங்க அப்பா செஞ்சதா இருக்கும். இந்தக் கடிவாளம் அவரு கைதான்" என்றார். பிறகு குவியல் பக்கமாகப் போய், கொண்டுவந்ததை ஏதோ தேங்காய் மூடியைப் போடுவதுபோல் போட்டார்.

எனக்குப் பகீரென்றது. "ஐயா, உங்க அப்பா செஞ்சதுன்னு சொல்றீங்க. இப்படிக் கிடந்தா வீணாப் போயிடுமே. மேலே ஒரு தகரக் கொட்டகை போட்டாலாவது..."

"கொட்டகையப் போட்டுட்டா அடுத்த குதிரைய எங்க நிப்பாட்டுறது தம்பி?"

அதற்கு மேல் எனக்குக் கேள்வி ஓடவில்லை. அவர்தான் உட்காரச் சொல்லிப் பேசினார். புரவி எடுப்பு என்று ஊர் முடிவு செய்தால், முதலில் பிடிமண் கொடுப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண்ணை வைத்து வேளார் கையில் கொடுப்பது. அந்தப் பிடி மண் கைக்கு வராமல் அவர் வேலையைத் தொடமாட்டார். அதுதான் அட்வான்ஸ், அதுதான் அக்ரிமென்ட். பிறகு அதைக் கண்மாய் மண்ணோடு சேர்த்து, மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்துவார். முதலில் நான்கு கால்களும் குழாய் குழாயாக நிற்கும். அது கொஞ்சம் இறுகியபின் வயிறு, அது இறுகியபின் கழுத்து. ஒரேயடியாக ஏற்றினால் கால் உட்கார்ந்துவிடும். உள்ளே முழுக்கக் கூடாக விட்டு, சூடு போய்வர ஓட்டையும் விடவேண்டும். இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். நிழலில் காயவைத்து, விறகும் வறட்டியும் வைக்கோலும் போட்டுச் சுட்டு, வெள்ளையடித்து வர்ணம் தீட்டுவார்கள். விழா அன்றைக்குக் கண் திறப்பு. அதுவரைக்கும் அதுவும் சட்டி பானை மாதிரிதான். கண் திறந்தபின் ஊர்க்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு மேளதாளத்தோடு அய்யனாரிடம் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

"நிப்பாட்டிட்டா?"

"நிப்பாட்டிட்டா முடிஞ்சுது. கொடுத்தாச்சுல்ல. மழ பெய்யும், ஆடு வந்து ஒரசும், ஒரு நாளக்கி விழும். கண்மாயில எடுத்த மண்ணு, கண்மாய்க்கரையிலதான கெடக்கு? எங்க போயிடப்போகுது?"

கொடுத்தாச்சு என்று அவர் சொன்ன விதம் எனக்குச் சட்டென்று புரிந்தது. அது என் தொழில் பாஷை. பணம் வந்துவிட்டால் பில்லைக் கம்பியில் குத்திவிடுவோம். வருடக் கடைசியில் கட்டாகக் கட்டிப் பரணில் போடுவோம், அப்புறம் கறையான் தின்னும். செட்டிலான பில்லை யாராவது ஃபிரேம் போட்டு மாட்டுவார்களா? நான் டிவி மேல் மாட்டியிருந்தேன்.

கிளம்பும்போது, வேடிக்கையாகத்தான், எங்கள் ஊரில் எனக்காக வைத்த மதலை இன்னும் இருக்குமா, போய்த் தேடினால் கிடைக்குமா என்று கேட்டேன்.

"எத்தன வருஷம் ஆச்சு?"

"நாற்பது."

"பொடிஞ்சு போயிருக்கும். அதத் தேடி என்ன செய்யப்போறீங்க? அதான் நீங்க இருக்கீங்கள்ல."

பைக்கை உதைத்துக் கிளப்பி ரொம்ப தூரம் வந்தபிறகும் அது காதிலேயே இருந்தது. அன்றைக்கு இரண்டு கடையில் கலெக்‌ஷன் வரவில்லை. அதற்காக வழக்கம்போல் எரிச்சல் படவும் இல்லை.

அதன்பிறகு பார்வை மாறிவிட்டது. சாப்பாட்டு நிழலாக இருந்த இடங்களில் கொஞ்சம் முன்னதாகவே போய் நடக்க ஆரம்பித்தேன். புதுக்கோட்டைக்குத் தெற்கே நமணசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயில் இருக்கிறது. போகும் பாதையின் இரண்டு பக்கமும் குதிரைகள், நூற்றுக்கணக்கில். முன்வரிசையில் வர்ணம் காயாததுபோல் பளபளப்பவை, அடுத்து நிறம் வெளுத்தவை, அதற்குப் பின்னால் காதும் வாலும் போனவை, கடைசியில் நான்கு கால் மட்டும் நிற்பவை. முன்பு பார்த்திருந்தால் சிதைவு என்று சொல்லியிருப்பேன். இப்போது அதை வரிசையாக வைத்த வரவு செலவு நோட்டாகப் படிக்கிறேன். எந்த வருடம் ஊரில் மழை பெய்து, வெள்ளாமை விளைந்து, சண்டை சச்சரவு இல்லாமல் புரவி எடுத்தார்கள், எந்தெந்த வருடங்கள் விட்டுப்போயின என்று குதிரைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தே அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு மாதிரியும் உண்டு. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் நிற்பது 30 அடிக்கு மேல் உயரமான ஒரே குதிரை. அது சூளையில் சுட்ட மண் கிடையாது, கட்டி எழுப்பியது. ஆனால் அங்கேயும் அழிகிற ஒன்றை வைத்திருக்கிறார்கள்: மாசி மகத்துக்குக் குதிரையின் கழுத்திலிருந்து தரைவரை தொங்கும் காகிதப்பூ மாலைகளைச் சாத்துகிறார்கள். அன்றைக்குக் குதிரையே தெரியாது. லாரியில், டிராக்டரில் மாலை வரும். சில நாளில் காற்றும் வெயிலும் அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடும்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நிறைய ஊரில் சிமெண்ட் குதிரை வந்துவிட்டது. ஒரு தடவை செலவு, எனாமல் பெயிண்ட், தொல்லை விட்டது என்கிறார்கள். அவர்கள் கணக்கும் புரிகிறது. ஊரைக் கூட்டி வரி போட்டு விழா எடுப்பது லேசான வேலையா என்ன. ஆனால் வேளார் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை: "சிமெண்டுல செஞ்சா அது விழவே விழாது. அப்புறம் பிடிமண் எதுக்கு, எடுப்பு எதுக்கு, நான் எதுக்கு?" குதிரை உடைவது அவருக்கு வேலைவாய்ப்பு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றது.

இதெல்லாம் கிளறிவிட்டதால்தான் சித்தன்னவாசலுக்கும் போனேன். அன்னவாசல் கடைக்கு மாதம் இரண்டு முறை போகிறவன், 11 வருடமாக அந்தப் போர்டைத் தாண்டியே போயிருக்கிறேன். ஓவியம், சமணர், பள்ளிக்கூடப் பாடம். அதில் எனக்கென்ன?

முதல் தடவை ஏமாற்றம்தான். பாறையைக் குடைந்து செய்த கோயில், குடைவரை என்பார்கள். அதற்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கூரையில் பச்சையும் கருப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. இதற்கா இவ்வளவு பேச்சு என்று இரண்டு நிமிடத்தில் வெளியே வரத் திரும்பினேன். அங்கே இருந்த காவலாளி, "வெயில்லேருந்து வந்த கண்ணுக்குத் தெரியாது சார். ஒக்காருங்க, அதுவா வரும்" என்றார். உட்கார்ந்தேன். உண்மையிலேயே அதுவாகத்தான் வந்தது. முதலில் தாமரை இலை, வட்டமாக, ஓரம் மடிந்து. அப்புறம் மொட்டு. அப்புறம் ஒரு மீன். இலைகளுக்கு நடுவில் அன்னங்கள், ஒரு யானை, எருமைகள். கூரை முழுக்க ஒரே குளம். குளத்துக்குள் மூன்று மனிதர்கள். ஒருவர் ஒரு கையால் பூப் பறிக்கிறார், இன்னொரு கையில் பூக்கூடை. அவர் பக்கத்தில் கையில் தாமரையோடு இன்னொருவர். மூன்றாமவர் தள்ளி, தனியாக. தோளில் தாமரைக் கொத்தைச் சாய்த்திருக்கிறார், தண்டோடு. நாற்றுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கிற ஆளின் அதே ஒயில். சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிற ஆட்கள்.

இது என்ன காட்சி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சமண மரபில் சமவசரணம் என்று ஒன்று உண்டு. தீர்த்தங்கரர் ஞானம் அடைந்தபின் அவர் உபதேசம் செய்வதற்காகத் தேவர்கள் அமைக்கும் சபை. நேரே போய் உட்கார்ந்துவிட முடியாது. பல நிலங்களைத் தாண்டிப் போகவேண்டும். அதில் ஒன்று நீர்நிலை. உபதேசம் கேட்க வருகிறவர்கள் அதில் இறங்கிக் கைகால் கழுவி, பூப் பறித்துக்கொண்டு மேலே போவார்கள். சித்தன்னவாசல் கூரையில் இருப்பது அந்தக் குளம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

அதாவது, அந்த ஓவியர் தலைக்கு மேலே வரையத் தேர்ந்தெடுத்தது போய்ச் சேர்ந்த இடத்தை அல்ல. சேருவதற்கு முன்னால் வழியில் நின்ற இடத்தை. எனக்கு அது சுருக்கென்று தைத்தது. கீரனூர்க் கடைக்கும் புதுக்கோட்டைக் கடைக்கும் நடுவில் போகும் நேரத்தை எல்லாம் நான் வீண் என்றுதான் 11 வருடமாக நினைத்திருக்கிறேன். கடைக்குள் இருக்கும் நேரம் வேலை, மற்றதெல்லாம் பெட்ரோல் செலவு. அன்னவாசல் கடையில் அன்று வழக்கமான ஆர்டர்தான் கிடைத்தது. ஆனால் இப்போதெல்லாம் அந்தச் சாலையில் 60-க்கு மேல் ஓட்டுவதில்லை.

மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம், சமணத் துறவிகள் தங்கிய குகை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினால், பாறை இடுக்கில் வழவழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மேடு. அதில் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமைநாடு என்றால் மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து வந்து தங்கிய ஆளுக்கு உள்ளூரில் யாரோ படுக்கை செய்து கொடுத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முன்னால். லாட்ஜில் தலையணை சரியில்லை என்று சண்டை போட்டவன் நான்.

ஒன்றை மட்டும் என்னால் ஒத்துப்போக வைக்க முடியவில்லை. வேளாரின் குதிரை உடைவதற்கென்றே நிற்கிறது. சித்தன்னவாசல் ஓவியத்தையோ மூச்சுக்காற்று படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அது நியாயம்தான், சுண்ணாம்புப் பூச்சின் மேல் காவிக்கல்லும் கரியும் சேர்த்து எழுதியது, ஒரு விரல் பட்டாலே போய்விடும். அங்கே வெளியே பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயில் என்கிற இந்தக் குடைவரையின் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாகச் சொல்கிறது. முன்னால் இப்போது நிற்கும் தூண்களோ புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. ஆக, இதையும் ஆள் மாற்றி ஆள் கைவைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்த முறை வேளாரைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். மண்ணைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அது ஒரே ஒருக்கா எழுதுனது தம்பி, அதான் பொத்திப் பொத்தி வைக்கணும். இது நாங்க இருக்கிற வரைக்கும் செஞ்சுகிட்டே இருப்போம்ல" என்றார். நாங்க இருக்கிற வரைக்கும் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

இப்படி வழியில் நின்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள். முதலாவது, எதையும் எடுத்து வராதீர்கள். உடைந்து கிடக்கிறது, யாருக்கும் வேண்டாதது என்று தோன்றும். அது இன்னொருவர் வீட்டு அழுகை. எனக்கு அம்மா இருந்தார் சொல்ல. கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றுங்கள். எல்லை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, சில இடத்தில் ஒரு கல்தான் அடையாளம், அதனால் ஆளைக் கேளுங்கள். சில கோயில்களில் இன்னின்னார் இந்த இடத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லாத இடங்களும் உண்டு, ஆனால் வழிப்போக்கனாகப் போய் அங்கே வாதம் செய்ததில்லை. வேண்டுதலோடு வந்திருப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி கேட்கும்போது, இது எத்தனை வருடப் பழசு என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆயிரம் வருசம் இருக்கும்" என்று ஒரு பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். இதை யார் செய்கிறார்கள், அடுத்தது எப்போது செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆளே மாறிப் பேசுவார்கள். வேளார் வீட்டில் சூளை போடும் நாள் தெரிந்தால் அன்றைக்குப் போவது விழாவுக்குப் போவதைவிட நல்லது என்பது என் கட்சி. விழாவில் ஸ்பீக்கர் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது.

சித்தன்னவாசலுக்கு மத்தியானத்துக்கு மேல் போங்கள். மேற்குப் பார்த்த குடைவரை, வெளிச்சம் சாய்ந்து உள்ளே வரும். ஆனால் ஏழடிப்பட்டத்தை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். பாறை சுட்டால் கம்பியும் சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். உள்ளே போனதும் கூரையைப் பார்க்காதீர்கள், ஐந்து நிமிடம் சும்மா தரையைப் பார்த்துக்கொண்டு இருங்கள், கண் பழகட்டும். கருவறைக்குள் நின்று மெதுவாக ம்ம்ம் என்று முனகினால் சுவரே திருப்பி முனகும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் அதற்கு மேல் ஓவியத்தைக் காட்டுவது கஷ்டம். என் மகள் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

போன வருடம் அம்மாவுக்கு முட்டி வலி அதிகமானது. மாத்திரை, ஊசி, தைலம் எல்லாம் ஆயிற்று. ஒரு நாள் போனில், "அந்த வேளார்கிட்ட ஒரு கால் செய்யச் சொல்லேன்" என்றார். செய்யச் சொன்னேன். முட்டிக்குக் கீழே பாதம் வரைக்கும், ஒரு முழம் உயரம். கெண்டைக்கால் சதையைக்கூட லேசாகப் புடைக்க வைத்திருந்தார். உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். விரல் தடம். இது அவர் அப்பாவுடைய தடம் இல்லை, இவருடையது. பெரிய கைதான், அப்பாவைப் போல.

அம்மாவால் வரமுடியவில்லை. என்னையே வைக்கச் சொல்லிவிட்டார். பழைய செய்தித்தாளில் சுற்றி, அதே சாம்பிள் பெட்டியில், கெப்பாசிட்டர்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோனேன். அன்றைக்கு அங்கே வேறு இரண்டு குடும்பம் வந்திருந்தது. ஒரு பெண் கையில் மதலை. நான் காலை வைத்துவிட்டு, சூடம் காட்டி, விபூதி வாங்கிக்கொண்டு திருமயம் கடைக்குக் கிளம்பினேன்.

ராத்திரி அம்மா போன் செய்தார்.

"வச்சியா?"

"வச்சேன்."

"எந்தப் பக்கமா வச்ச?"

"சரியா ஞாபகம் இல்லம்மா. நெறைய இருந்துச்சு. நடுவுல எங்கேயோ."

"சரி, சரி. சாப்பிட்டியா?"